இதயத் தமனி அடைப்பை அளந்த வரலாறு

இதயத் தமனிகளின் அடைப்பை உயிருள்ள மனிதரிடம் காணும் வழி 20ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது. 1929இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் கைச் சிரை வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் செய்த பரிசோதனையின்போது, எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் தற்செயலாக ஒரு நோயாளியின் வலது இதயத் தமனிக்குள் பாய்ந்தது. நோயாளி பிழைத்தார், இதயத் தமனி ஆஞ்சியோகிராம் பிறந்தது.

ஆஞ்சியோகிராம் குறுகலின் வடிவத்தைக் காட்டியதே தவிர, அதனால் இரத்த ஓட்டம் எவ்வளவு தடைபடுகிறது என்று சொல்லவில்லை. 1990களில் நிக்கோ பைல்ஸ், பெர்னார்ட் டி புரூய்ன் முதலியோர் அழுத்தமானி பொருத்திய நுண்கம்பியைத் தமனிக்குள் செலுத்தி, மருந்தால் ஓட்டத்தைப் பெருக்கி, அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தைப் பெருந்தமனி அழுத்தத்தால் வகுத்தனர். விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது என்பது வழக்கமாயிற்று. 1,005 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஃபேம் ஆய்வு, இந்த விகிதத்தின்படி ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர்களுக்கு ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவை மொத்தத்தில் குறைந்ததைக் காட்டியது.

கம்பியே இல்லாமல் அந்த விகிதத்தைக் கணிப்பது அடுத்த கட்டம். ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் டெய்லர் குழுவினர் தமனிகளின் முப்பரிமாண வடிவில் திரவ இயக்கச் சமன்பாடுகளைக் கணினியால் தீர்த்தனர். சி.டி. படத்திலிருந்து விகிதத்தைக் கணிக்கும் இம்முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் அனுமதி தந்தது. சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்த தமனிகளிலும் மங்கிய படங்களிலும் கணிப்பு பிசகக்கூடும். அங்கே நுண்கம்பி அளவீடே இன்றும் உரைகல்.