குழாய் வழி வந்த வெளிச்சம்

2004 ஜூன் 29. இரவு பத்து மணிக்கு மேல் சிங்கப்பூரின் பல வட்டாரங்களில் விளக்குகள் திடீரென அணைந்தன. மின்தூக்கிகள் நின்றன. மெழுகுவத்தி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடிப் பழக்கமில்லாத ஊர் அது. சுமார் 3 இலட்சம் வீடுகள் இருளில் மூழ்கின.

இந்தோனேசியாவின் மேற்கு நத்துனா கடற்பகுதியிலிருந்து குழாய் வழி வந்துகொண்டிருந்த இயற்கை எரிவாயு தடைப்பட்டதே காரணம். வாயு நின்றதும் மின்னிலைய இயந்திரங்கள் சில நின்றன. கடலுக்கு அப்பால் எங்கோ நேரும் ஒரு கோளாறு தம் வீட்டு மின்விசிறியை நிறுத்திவிடும் என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்திருப்பார்கள்.

சிங்கப்பூர் இந்த நிலைக்கு எப்படி வந்தது? நீண்ட காலம் அங்கே எண்ணெயை எரித்துத்தான் மின்சாரம் தயாரித்தார்கள். 1992-இல் மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனம் ஜொகூர் வழியாக செனோக்கோ மின்னிலையத்திற்கு எரிவாயு அனுப்பத் தொடங்கியது. 2001 ஜனவரியில் நத்துனா குழாய் வந்தது. ஏறத்தாழ 640 கிலோமீட்டர் கடலுக்கடியில் நீளும் குழாய் அது. 2003-இல் சுமத்ராவிலிருந்து இன்னொன்று. எண்ணெயைவிடத் தூய்மையாக எரியும் பொருள், அண்டை நாட்டிலேயே கிடைக்கிறது, இருபது ஆண்டுகளுக்கு மேல் நீளும் ஒப்பந்தங்களும் கைக்கு வந்துவிட்டன. யார்தான் வேண்டாம் என்பார்கள்? மின்னிலையங்கள் மளமளவென்று எரிவாயுவுக்கு மாறின. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு எரிவாயுவில் பிறக்கிறது.

ஆனால் எரிவாயுவின் குணம் வேறு. எண்ணெயைத் தொட்டியில் ஊற்றி மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். குழாய் வாயு அப்படியல்ல. அந்த முனையில் அனுப்பினால்தான் இந்த முனையில் எரியும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே குழாயில் கட்டுண்டவர்கள். அவசரத்திற்கு வேறு கடைக்கு ஓட முடியாது.

அந்த வேறு கடையை உலகம் முன்பே கண்டுபிடித்திருந்தது. எரிவாயுவைப் பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைத்தால் அது திரவமாகிவிடும். கொள்ளளவு ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். பிறகு கப்பலில் ஏற்ற வேண்டியதுதான். 1959-இல் அமெரிக்காவின் லூயிசியானாவிலிருந்து இங்கிலாந்துக்கு முதல் சோதனைக் கப்பல் சென்றது. 1964-இல் அல்ஜீரியா முறையான வணிகத்தைத் தொடங்கியது. சொந்த எரிபொருள் அதிகமில்லாத ஜப்பான் 1969-இல் அலாஸ்காவிலிருந்தும், 1972-இல் புருணையிலிருந்தும் வாங்க ஆரம்பித்தது. சரவாக்கின் பிந்துலுவிலிருந்து ஜப்பானுக்கு முதல் கப்பல் 1983-இல் புறப்பட்டது.

கப்பலின் அருமையை ஆச்சே காட்டியது. அங்குள்ள அருண் ஆலைக்கு வாயு தந்த வயல்கள், ஆயுதப் போராட்டத்தின் காரணமாக 2001-இல் சில மாதங்கள் மூடப்பட்டன. வாடிக்கையாளர்களுக்குக் கலிமந்தானின் போந்தாங் ஆலையிலிருந்து சரக்கு அனுப்பிச் சமாளித்தது இந்தோனேசியா. குழாயாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

மின்தடைக்கு ஈராண்டு கழித்து, 2006-இல், சிங்கப்பூர் அரசாங்கம் திரவ எரிவாயு முனையம் கட்ட முடிவெடுத்தது. புதிய குழாய் வாயு இறக்குமதிக்கும் கட்டுப்பாடு விதித்தது. குழாயில் மலிவாகக் கிடைத்தால் கப்பல் வாயுவை யார் வாங்குவார்கள்? விலை கூடினாலும் பரவாயில்லை, வாசல் ஒன்றுக்கு மேல் இருக்கட்டும் என்பதே கணக்கு. துணிச்சலான கணக்குத்தான். 2009-இல் பொருளாதார நெருக்கடியில் தனியார் கட்டுமானத் திட்டம் தடுமாறியபோது அரசாங்கமே பொறுப்பேற்றது. ஜூரோங் தீவு முனையம் 2013 மே மாதம் செயல்படத் தொடங்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகிற்கு எரிவாயு விற்ற மலேசியாவும் அதே 2013-இல் மலாக்காவின் சுங்கை ஊடாங்கில் இறக்குமதி முனையம் திறந்தது. வயல்கள் சரவாக்கில், தேவை தீபகற்பத்தில்! அருண் ஆலையின் கதை இன்னும் விசித்திரம். 2014-இல் கடைசி ஏற்றுமதிக் கப்பலை அனுப்பிவிட்டு, மறு ஆண்டே வாயு இறக்கும் முனையமாக மாறியது.

சிங்கப்பூருக்குச் சோதனை 2021-இல் வந்தது. நத்துனாவிலிருந்து வரத்து குறைந்தது, சுமத்ரா வாயுவின் அழுத்தமும் தாழ்ந்தது. இம்முறை ஊர் இருளவில்லை. திரவ எரிவாயு கைகொடுத்தது. ஆனால் விலை? 2020-இல் ஆசியச் சந்தையில் பத்து இலட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 2 அமெரிக்க டாலருக்கும் கீழே விழுந்திருந்த வாயு, 2021 அக்டோபரில் 30 டாலரைத் தாண்டியது. சிங்கப்பூரில் மின்சாரச் சில்லறை நிறுவனங்கள் சில கடையை மூடின. எரிசக்திச் சந்தை ஆணையம் அவசரக் கையிருப்பாகத் திரவ எரிவாயுவை ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று.

மறு ஆண்டு உக்ரேன் போர் மூண்டது. ரஷ்யக் குழாய்களை நம்பியிருந்த ஐரோப்பா, கப்பல் வாயுவை எந்த விலைக்கும் வாங்க முன்வந்தது. பணம் உள்ளவர் பக்கம் கப்பல்கள் திரும்பின. 2022 ஜூலையில் பங்களாதேஷ் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திக்கொண்டு மின்வெட்டை அறிவித்தது. பாகிஸ்தான் விடுத்த ஏலக்குத்தகைக்கு ஒரு விற்பனையாளர்கூட முன்வரவில்லை. அவ்விரு நாடுகளிலும் முனையங்கள் இருந்தன, வாங்க வசதியில்லை.

குழாய் ஓர் அண்டை நாட்டை நம்ப வைத்தது. கப்பலோ, எங்கோ நடக்கும் போரின் விலையை வீட்டு மின்கட்டணத்தில் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டில் எது மேல் என்பதற்குச் சிங்கப்பூர் இன்னும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. இந்தோனேசியக் குழாய்களை அது கைவிடவில்லை. மின் நிறுவனங்கள் தனித்தனியே வாங்காமல் மொத்தமாக வாங்கும் ஏற்பாட்டையும் 2023-இல் அறிவித்தது. ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கையாளும் மிதக்கும் முனையம் ஒன்றை, இந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் ஜூரோங் துறைமுகத்தில் அமைக்கவும் திட்டமிட்டுள்ளது.