நெஞ்செரிச்சல் மருந்துகள்

இரைப்பை அமிலத்தை முறிப்பதற்கோ அதன் சுரப்பைக் குறைப்பதற்கோ தரப்படுபவை நெஞ்செரிச்சல் மருந்துகள். விழுப்புரம் மாவட்டத்தின் முகையூர், திண்டிவனம் பக்கங்களில் இவை எல்லாமே பொதுவாக ‘கேஸ் மாத்திரை’தான். உண்மையில் இவை மூன்று வகைப்படும். சாப்பிட வேண்டிய நேரமும் முறையும் வகைக்கு வகை மாறும்.

ஜெலுசில், டைஜீன் போன்றவை அமிலமுறிகள். இவற்றிலுள்ள அலுமினியம், மெக்னீசியம் உப்புகள் சில நிமிடங்களில் எரிச்சலைத் தணிக்கும். பலன் நெடுநேரம் நிற்காது. அலுமினியம் மலத்தை இறுக்கும், மெக்னீசியம் இளக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். இரும்புச்சத்து, தைராய்டு மாத்திரைகளை இவற்றுடன் சேர்த்து விழுங்கினால் அவை உடலில் சரியாகச் சேராது.

இரண்டாம் வகை, அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் ஹிஸ்டமினைத் தடுக்கும். 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சிமெடிடின் இதில் முதலாவது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். 1981இல் வந்த ரானிடிடின் இந்தியாவில் ரான்டாக், ஜின்டாக் என்ற பெயர்களில் வீடுதோறும் புழங்கியது. 2019இல் அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு கண்டறியப்பட்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. 2022 செப்டம்பரில் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்தும் ரானிடிடின் நீக்கப்பட்டது. ஆனால் விற்பனைக்குத் தடை விதிக்கப்படவில்லை.

ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் மூன்றாம் வகை. இரைப்பைச் செல்களில் அமிலத்தை வெளியேற்றும் ‘பம்பு’களையே இவை முடக்குகின்றன. சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அந்தப் பம்புகள் முழுவீச்சில் இயங்கும். ஆகவே காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். அமிலமுறி மாத்திரையை மென்று தின்னலாம். பான்டோபிரசோலை மெல்லவோ உடைக்கவோ கூடாது, மேற்பூச்சு சிதைந்தால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும்.

மருத்துவரைக் கேட்காமல் ஆண்டுக்கணக்கில் இந்த மூன்றாம் வகை மருந்துகளைத் தொடர்வது நல்லதல்ல. வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையலாம். எலும்பு முறிவு அபாயம் கூடலாம். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும்.

உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுவோருக்கு இரைப்பையில் புண் வரலாம். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் புண்ணை உண்டாக்கும். அதற்கு ஆன்டிபயாடிக்கும் சேர்ந்த சிகிச்சை தேவை. கருப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை உடனே பரிசோதிக்க வேண்டிய அறிகுறிகள்.

மிகப் பெரிய ஆபத்து, மாரடைப்பை ‘கேஸ்’ என்று எண்ணி மாத்திரை போட்டுக் காத்திருப்பது. நெஞ்சை அழுத்தும் வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.