பெட்ரோலை இழுப்பது யார்?

சித்திரை மாதத்து நண்பகல். தஞ்சையிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் சாலையில், வடுவூர் தாண்டி, புளியமரத்தடியில் ஓர் அம்பாசடர் கார் முகப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. ஓட்டுநர் ஒரு பழந்துணியை நனைத்து, இஞ்சினின் பக்கவாட்டில் உள்ள ஒரு சிறு பம்பின் மேல் சுற்றுகிறார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது. நடுத்தர வயதைக் கடந்த வாசகர்கள் பலர் இக்காட்சியைக் கண்டிருப்பீர்கள். இது வெறும் நம்பிக்கையா, இதில் விஞ்ஞானம் உண்டா? விடை காண, காருக்குள் பெட்ரோல் எப்படிப் பயணம் செய்கிறது என்னும் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு

தொடக்கக் காலக் கார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்பே கிடையாது. 1908ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' காரில் பெட்ரோல் தொட்டி முன் இருக்கையின் அடியில் இருந்தது. வாய்க்கால் நீர் மேட்டிலிருந்து பள்ளத்து வயலுக்குப் பாய்வது போல, பெட்ரோல் புவியீர்ப்பினால் தானே கார்புரேட்டருக்கு இறங்கி வந்தது. தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், இஞ்சின் தொட்டியை விட உயரத்துக்குப் போய்விடும்; வண்டி நின்றுவிடும். ஆகவே ஓட்டுநர்கள் காரைத் திருப்பிப் பின்னோக்கியே மேடேற்றினார்கள்!

பின்னர் தொட்டியைக் காரின் பின்புறத்துக்கு, இஞ்சினைவிடத் தாழ்வான இடத்துக்கு மாற்றினார்கள். இனிப் பெட்ரோல் தானாக வராது. யாராவது மேலே ஏற்ற வேண்டும்.

1910களில் கையாண்ட முறை வெற்றிடக் கலம். இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் குறைந்த அழுத்தத்தைக் கொண்டே, பெட்ரோலை ஒரு சிறு கலத்துக்கு ஏற்றி, அங்கிருந்து கார்புரேட்டருக்கு இறக்கினார்கள். ஆனால் நெடிய மேட்டில் முழு வேகத்தில் ஏறும்போது அந்த உறிஞ்சல் குன்றிவிடும். வண்டிக்கு அதிகப் பெட்ரோல் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிட்டது. 1920களின் பிற்பகுதியில் இஞ்சினே இயக்கும் டயாப்ரம் பம்பு வந்தது. இதைப் பரவச் செய்த 'ஏ.சி.' நிறுவனத்தின் பெயர், அதை நிறுவிய ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் முதலெழுத்துகளாகும்.

இழுப்பது பம்பு அன்று

இங்கே நாம் ஓர் அடிப்படைக் கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். பம்பு பெட்ரோலை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் இழுப்பது யார்?

உறிஞ்சு பம்பு ஏறத்தாழ 18 முழத்துக்கு மேல் நீரை ஏற்றுவதில்லை என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் குறிப்பிட்டார். காரணத்தைத் தெளிவாக்கியவர் அவருடைய மாணவர் டாரிசெல்லி. பம்பு இழுப்பதில்லை, அது தன்னுள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. வெளியே இருக்கும் காற்றுதான் நீரைத் தள்ளுகிறது. வளிமண்டலத்தின் முழு அழுத்தமும் சேர்ந்து தள்ளினாலும் நீர் சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடிக்கு மேல் ஏறாது. நடைமுறையில் 20, 25 அடியே மிகுதி.

காவிரிப் படுகை உழவர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தியன்று. ஆழமில்லாத பில்டர் பாயிண்ட் குழாய்க்கிணற்றில் தரைமேல் பம்புசெட்டை வைத்து இறைத்தவர்கள், கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் மோட்டார் ஓடியும் நீர் வராததைக் கண்டார்கள். பள்ளம் தோண்டி மோட்டாரைக் கீழே இறக்கினார்கள். நீர் பம்பிடம் வராவிட்டால் பம்பு நீரிடம் போக வேண்டும். இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார் வரலாற்றிலும் இது திரும்ப வரும்.

ஒரு சவ்வு, ஒரு சுருள்வில், இரண்டு வால்வுகள்

எண்ணூரில் 1949 முதல் ஆஸ்டின் ஏ40 கார்கள் பூட்டப்பட்டன. வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவாயிற்று. வங்காளத்து உத்தரபாராவில் 1957இல் தொடங்கிய அம்பாசடர், 2014 மே மாதம் வரை வந்தது. அந்தத் தலைமுறைக் கார்களின் இதயத்தருகே இருந்த டயாப்ரம் பம்பின் அமைப்பு மிக எளியது.

இஞ்சினின் கேம் தண்டு சுழலும்போது ஒரு நெம்புகோலை ஆட்டுகிறது. நெம்புகோல் டயாப்ரம் எனும் சவ்வைக் கீழே இழுக்கிறது. மேலே அழுத்தம் குறைகிறது. தொட்டியின் மேலுள்ள காற்று பெட்ரோலைப் பம்புக்குள் தள்ளுகிறது. பிறகு சுருள்வில் சவ்வை மேலே தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. பெட்ரோல் வந்த வழியே திரும்பாதபடி இரண்டு ஒருவழி வால்வுகள் காக்கின்றன. கார்புரேட்டரின் மிதவை அறை நிரம்பி ஊசி அடைத்துக்கொண்டால், சுருள்வில்லால் பெட்ரோலைத் தள்ள முடியாது. சவ்வு கீழேயே நின்றுவிடும், நெம்புகோல் சும்மா ஆடும். எவரும் கட்டுப்படுத்தாமலே, வேண்டிய அளவு மட்டும் போகிறது.

ஈரத்துணியின் இயற்பியல்

இந்த ஏற்பாட்டுக்குப் பகைவன் வெப்பம். பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அவற்றுள் இலேசானவை 40 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். 37.8 டிகிரியில் நம் நாட்டுப் பெட்ரோலின் ஆவியழுத்தம் சுமார் 60 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ சுமார் 101. பம்பு தன்னுள் அழுத்தத்தைக் குறைக்கக் குறைக்கப் பெட்ரோல் இன்னும் எளிதாகக் கொதிக்கும். பம்போ சூடான இஞ்சின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது!

திரவத்துக்குப் பதில் ஆவி நிறைந்ததும், சவ்வு அந்த ஆவியை நெருக்குவதும் விரிப்பதுமாகவே இருக்கும், பெட்ரோல் நகராது. இதுவே ஆவியடைப்பு. ஈரத்துணியில் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே தத்துவம். பம்பு குளிர்கிறது, ஆவி மீண்டும் திரவமாகிறது. அந்த ஓட்டுநர் செய்தது மூடநம்பிக்கை அன்று.

ஒழுகாத ஒழுக்கு

ஆனால் எல்லாக் குற்றத்தையும் வெயில் மேல் போட்டுவிடக் கூடாது. இதை நான் என் வீட்டு அனுபவத்தில் கற்றேன். என் தந்தையாரின் பழைய அம்பாசடர் கோடையில் அடிக்கடி நிற்கும், ஈரத்துணி போடுவோம். மார்கழியில் காலையில் கிளம்ப மறுக்கும். இரண்டு முறை புதிய பம்பு மாற்றினோம். ஒரு விடியற்காலை தந்தையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. வண்டி அசையவில்லை; அண்டை வீட்டாரின் ஆட்டோதான் உதவிற்று.

பிறகு வந்த முதிய மெக்கானிக் ஒருவர், பம்பிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, அதன் முனையைப் பாட்டிலுக்குள் விட்டு, இஞ்சினைச் சுழற்றச் சொன்னார். பெட்ரோல் பீச்சியது; கூடவே குமிழிகளும் வந்தன. "பம்பு நல்லாத்தான் இருக்கு சார். பின்னாலே எங்கேயோ காத்து குடிக்குது" என்றார். தொட்டிப் பக்கத்து ரப்பர்க் குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தது. "அங்கே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே?" என்று கேட்டேன். கேட்டவுடன் வெட்கப்பட்டேன். வகுப்பில் ஆண்டுதோறும் டாரிசெல்லியை நடத்துபவன் நான்! பம்புக்கு முன்னுள்ள குழாயில் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. ஆகவே வெடிப்பின் வழியே பெட்ரோல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். இரவில் அதே வழியாகக் காற்று புகுந்து, பெட்ரோல் தொட்டிக்கே இறங்கிவிடும். காலையில் பம்பு வெறுங்காற்றைச் சுவைக்கும். கோடையில் அரைகுறையாக உறிஞ்சும் பம்பை வெப்பம் எளிதில் வீழ்த்தும். இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றே.

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் பம்பை மாற்றும் முன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் தொட்டி மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டி ஓடத் தொடங்கினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. தள்ளுவதற்குக் காற்றே இல்லை. அடுத்து, இஞ்சின் ஆறியபின் பாட்டில் சோதனை: சீராகப் பீச்சினால் பம்பு நலம், குமிழி வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் குழாய், இணைப்பு, பம்புக் கிண்ணத்து வாஷர் ஆகியவற்றில் காற்று புகுகிறது, ஒன்றுமே வராவிட்டால் வடிகட்டி, வால்வு, சவ்வு ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாக ஆயில் அளவுக்கம்பியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வீசி, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது; அந்த நிலையில் இஞ்சினை ஓட்டவே கூடாது. பாட்டில் சோதனையின்போது இக்னிஷன் காயிலின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. தனியாகச் செய்ய வேண்டாம்.

பம்பு தொட்டிக்குள் இறங்கியது

எரிபொருளைப் பீச்சிச் செலுத்தும் முறை வந்தபோது இந்த வரலாறு திசை திரும்பியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ போன்ற கார்களில் மின்சாரப் பம்பு தொட்டியின் உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. அது நீண்ட குழாய் வழியே உறிஞ்சுவதில்லை. வளிமண்டலத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தில் தள்ளுகிறது. பிரஷர் குக்கரில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது போல, அந்த அழுத்தத்தில் பெட்ரோலும் எளிதில் ஆவியாவதில்லை. சுற்றியுள்ள பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கிறது. எப்போதும் தொட்டியை வறள விட்டு ஓட்டினால் பம்பு சூடாகிக் கெடுவது அதனால்தான்.

நம் படுகையிலும் பல ஊர்களில் தரைமேல் பம்பு போய், நீர்மூழ்கி மோட்டார் வந்துவிட்டது. அதே விதி, அதே விடை.

பழைய கார்களுக்கு இப்போது ஒரு புதிய சோதனையும் உண்டு. 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. பழைய வகை ரப்பர்ச் சவ்வையும் குழாயையும் எத்தனால் உப்பச் செய்து கெடுக்கக் கூடும். தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்து வடிகட்டியை அடைக்கவும் கூடும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் சவ்வையும் குழாயையும் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டு வண்டி இன்றும் ஓடுகிறது. அதை மீட்டது இரண்டு முறை மாற்றிய பம்பன்று. ஒரு சாண் ரப்பர்க் குழாய். அடுத்த முறை ஏதேனும் ஒரு பம்பு வேலை செய்யாவிட்டால், "இது ஏன் இழுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். "காற்று ஏன் தள்ளவில்லை?" என்று கேளுங்கள். பாதிப் பழுது அப்போதே கண்ணில் படும்.