மெய்யும் போலியும்: இரு வண்ணத்துப்பூச்சிகளின் கதை

உயிரினங்களின் பகட்டான நிறம் எப்போதும் அழகின்பொருட்டு அமைவதன்று. சிலவேளை அது எச்சரிக்கையாகும். அவ்வெச்சரிக்கை மெய்யாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். நம் நாட்டுத் தோட்டங்களிற் பறக்கும் இரு வண்ணத்துப்பூச்சிகளே இதற்குச் சான்று.

ஒன்று, ரோசா வண்ணத்துப்பூச்சி. கரிய சிறகு, பின்சிறகின் நடுவே வெண்திட்டு, ஓரத்திற் செம்புள்ளிகள். இதன் புழு ஈசுரமூலி இனக் கொடிகளைத் தின்று, அவற்றின் நஞ்சை உடலிற் சேர்த்து வைக்கின்றது. ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை நாடாது.

மற்றையது எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளர்வது. அதனிடம் அந்நஞ்சு இல்லை. ஆயினும் அதன் பெண்களுள் ஒரு சாரன ரோசாவின் கோலத்தைப் பூண்டுள்ளன. இன்னொரு சாரன செந்நிறம் மிக்க வேறொரு நச்சினத்தை ஒத்துள்ளன. எஞ்சியவை தம் ஆணையே ஒத்தவை. ஆண் எவ்வேடமும் பூணுவதில்லை. உற்றுநோக்குவோருக்கு உடலின் நிறம் உண்மையை உணர்த்தும்: ரோசாவின் உடல் சிவப்பு, போலியின் உடல் கறுப்பு.

இவ்வேடம் அறிஞரையும் மயக்கிற்று. 1758இல் லின்னேயசு ஆணையும் வேடம் பூண்ட பெண்ணையும் வெவ்வேறு இனங்களாகக் கொண்டு, வெவ்வேறு பெயரிட்டார். அமேசன் காட்டிற் கண்டவற்றை ஆதாரமாகக் கொண்டு, போலி நிறத்தின் பயனை 1862இல் விளக்கினார் பேற்ஸ். வேடம் பூண்டவையும் பூணாதவையும் ஓரினமே என்பதை 1865இல் வாலஸ் எடுத்துரைத்தார்.

இத்துணை நுட்பமான வேடம் சிறுகச் சிறுகத் தோன்றியிருக்க இயலுமா? இயலாதென ஐயுற்ற பனெற், இலங்கை வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து, கொழும்பு நூதனசாலைச் சஞ்சிகையில் 1910இல் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளிற் பிரையர் இப்பூச்சிகளை இலங்கையிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்தார். பெண்ணின் மூவகைத் தோற்றங்களையும் விளக்க இரண்டு மரபுக் காரணிகள் போதும் என்றும், ஆண் அவற்றைத் தாங்கியும் வெளிக்காட்டாது என்றும் அவர் கண்டார். 2014இல் குந்தேயும் அவர்தம் கூட்டாளரும் இவ்வேடத்தின் திறவுகோலைக் கண்டனர். அது பூச்சிகளில் ஆண்பெண் வேறுபாட்டை அமைக்கும் ஒரே மரபணு. அதனுட் பல மாற்றங்கள் ஒன்றாய்ப் பிணைந்து வழிவழி வருகின்றன. ஆகவே, பல மாற்றங்கள் திரண்ட வேடமும் இன்று முழுமையாகவே தோன்றுகின்றது.

ஆனால் இவ்வேடத்துக்கு ஓர் எல்லை உண்டு. நச்சுப்பூச்சியைச் சுவைத்துக் கற்ற பறவைதான் போலிக்கு அஞ்சும். ஈசுரமூலிக் கொடி அருகினால் ரோசா அருகும். பறவைகள் கற்கும் பாடமும் அருகும். வேலியோரத்துக் கொடியைக் களையென்று பிடுங்குமுன், நேயர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பார்களாக.