சோடெர்மால்ம் சிறுவனும் பிலடெல்பியா குருவும்

1978ஆம் வருஷம் பிப்ரவரி 25ஆம் தேதி, தோல்வி என்பதையே மறந்து 28 ஆட்டங்களாக வெற்றியும் சமனுமாக நடைபோட்டுக்கொண்டிருந்த மான்ட்ரியால் அணியை, நியூயார்க் ரேஞ்சர்ஸின் கோலைக் காத்து நின்ற ஹார்டி ஓஸ்ட்ரோம் என்னும் ஸ்வீடன் தேசத்தவர் 6-3 என்ற கணக்கில் தம் அணி முறியடிக்கத் துணைநின்றார். ஐரோப்பாவில் பயின்ற கோல் கீப்பர் ஒருவர் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஆட்டத்தைத் தொடங்கியது அதுவே முதல் தடவை. ஆயினும் அந்தக் கீர்த்தி அவரிடம் நிலைக்கவில்லை. பின்னர் அவர் கொலராடோ அணிக்குப் போன காலத்தில் ‘ஸ்வீடன் சல்லடை’ என்ற பரிகாசப் பெயரே அவருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்வீடன்காரர்கள் பனியில் அழகாகச் சறுக்குவார்கள், வட்டை நேர்த்தியாகக் கைமாற்றுவார்கள், ஆனால் கோலைக் காப்பது மட்டும் அவர்களுக்குக் கைவராது என்ற அபிப்பிராயம், மெத்தப் படித்த விளையாட்டு நிபுணர்கள் மத்தியிலும் ஒரு சித்தாந்தம் போலவே ஊன்றிவிட்டது.

அந்தச் சித்தாந்தத்தைத் தகர்த்தவர், ஐந்தடி ஒன்பது அங்குல உயரமே உடைய பெல்லே லிண்ட்பெர்க்.

ஐஸ் ஹாக்கியில் கோல் கீப்பரின் உத்தியோகம் எத்தகையது என்பதைச் சற்றே மனக்கண்ணில் வைத்துக்கொள்வது நல்லது. ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட வாயில் ஒன்று. அதன் முன்னே இடக்கையில் பிடிப்பதற்கான கையுறையும், வலக்கையில் தட்டைப் பலகை போன்ற தடுப்புறையும் மட்டையும், கால்களில் தொடைவரை நீளும் தோல் காப்புகளுமாக ஒரு மனிதர். அவரை நோக்கி, துள்ளாமல் வழுக்கிச் செல்லட்டும் என்று ஆட்டத்துக்கு முன்பே உறையவைத்த ரப்பர் வட்டு ஒன்று, மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குல கனமுமாக, மணிக்கு நூறு மைலை நெருங்கும் வேகத்தில் பாய்ந்து வரும். அது புறப்படும் கணத்தில் அவருடைய பார்வையை மறைத்துக்கொண்டு நாலைந்து பேர் முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள். ஐரோப்பிய ஆடுகளம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலம் உடையது. வட அமெரிக்கக் களமோ 26 மீட்டர்தான். நான்கு மீட்டர் குறைவதால் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். அந்த நான்கு மீட்டரில்தான் ஒரு கோல் கீப்பர் மூச்சு விட்டுக்கொள்ளும் அவகாசம் அடங்கியிருக்கிறது. அகன்ற களத்தில் வட்டு ஓரங்களில் சுற்றி வரும். குறுகிய களத்தில் அது நேரே நெஞ்சுக்கு வரும்.

யோரன் பெர்-எரிக் லிண்ட்பெர்க் 1959ஆம் வருஷம் மே 24ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் பிறந்தார். பெர் என்ற பெயரைச் செல்லமாகப் பெல்லே என்றழைப்பது ஸ்வீடன் வழக்கம். அந்தச் செல்லப் பெயரே உலகம் அறிந்த பெயராயிற்று. தீவுகளின்மேல் எழுந்த அந்நகரத்தின் தென்புறத் தீவாகிய சோடெர்மால்ம், அக்காலத்தில் உழைப்பாளி மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்கே ஹம்மர்பி சங்கம்தான் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பள்ளிக்கூடம். அந்தச் சங்கத்தின் சட்டையை அணிந்து வளர்ந்த சிறுவனுடைய மனம் மட்டும் வெகு தொலைவில், பிலடெல்பியாவில் இருந்தது. 1974இலும் 1975இலும் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணிக்கு, அந்த லீகின் வெற்றிக் கோப்பையாகிய ஸ்டான்லி கோப்பையை ஈட்டித் தந்த கோல் கீப்பர் பெர்னி பரான்ட் என்பவரே அவனுக்கு ஆராத்ய தெய்வம். அவர் அணிந்ததைப் போன்ற வெள்ளை முகமூடியையே இவனும் தேடி அணிந்தான். துரோணரை மண்ணால் சமைத்து முன்னே நிறுத்திக்கொண்டு வில் பழகிய ஏகலைவனின் கதை நமக்குத் தெரியும். கடலுக்கு அப்பால் இருந்த குருவை மானசிகமாக வரித்துக்கொண்டு பனித்தளத்தில் நின்ற இந்தச் சிறுவனும் அந்த மரபைச் சேர்ந்தவன்தான். ஆனால் இந்தக் கதையின் துரோணர் கட்டைவிரலைக் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார்.

அந்தச் சந்திப்பு வாய்ப்பதற்கு முன் ஒரு துக்கம் நேர வேண்டியிருந்தது. 1979ஆம் வருஷம் பிப்ரவரியில், ஓர் ஆட்டத்தின் நடுவே மட்டையின் முனை ஒன்று முகமூடியின் கண் துவாரத்தில் புகுந்து தாக்க, பரான்டின் ஆட்ட வாழ்வு அன்றோடு முடிந்துபோயிற்று. அதே வருஷம் ஃபிளையர்ஸ் அணி இளம் ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் 35ஆவது பெயராக லிண்ட்பெர்க்கை எடுத்துக்கொண்டது. உலக இளையோர் போட்டியில் சிறந்த கோல் கீப்பர் என்ற பட்டமும், மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலமும் அவர் பெற்றது அந்த ஒரே வருஷத்தில்தான்.

1980 பிப்ரவரி 12ஆம் தேதி லேக் பிளாசிடில், ஒலிம்பிக் விழாவின் தொடக்கச் சடங்குக்கு முதல் நாள், ஸ்வீடனும் அமெரிக்காவும் மோதின. அந்த அமெரிக்க அணி பின்னர் சோவியத் யூனியனை வென்று தங்கம் பெற்றதை உலகம் இன்றும் அதிசயமாகப் பேசுகிறது. அந்த அதிசயம் முதல் நாளிலேயே கருகிப் போயிருக்கக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்வீடன் 2-1 என்று முன்னிலையில் இருந்தது. அமெரிக்கர்கள் தங்கள் கோல் கீப்பரையே வெளியே அழைத்துக்கொண்டு, கோலை வெறுமையாய் விட்டுவிட்டு, ஆறாவது ஆட்டக்காரரைத் தாக்குதலுக்கு அனுப்பினார்கள். ஆட்டம் முடிய 27 வினாடிகள் இருக்கையில் பில் பேக்கர் அடித்த வட்டு லிண்ட்பெர்க்கைக் கடந்து வலைக்குள் சென்றது. ஆட்டம் 2-2 என்று சமனாயிற்று. அந்தப் போட்டி முழுவதிலும் அமெரிக்காவிடம் தோற்காத அணி ஸ்வீடன் ஒன்றே. தங்கம் வென்றவர்களைத் தோல்வியின் விளிம்பில் 27 வினாடி தூரம்வரை நிறுத்தி வைத்தவர் இருபது வயது இளைஞர் என்பதை, அங்கே பெற்ற வெண்கலப் பதக்கத்தைக் காட்டிலும் பெரிய சாதனையாகவே நான் கருதுகிறேன்.

ஃபிளையர்ஸின் துணை அணி மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் ஆடி வந்தது. லிண்ட்பெர்க் முதலில் அங்கே அனுப்பப்பட்டார். 1980-81 பருவத்தில் அந்த இரண்டாம் நிலை லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சிறந்த புதுமுகம் விருதும் சேர்ந்தே அவருக்குக் கிடைத்தன. 1982-83இல் பிலடெல்பியாவின் முதன்மைக் காவலர் ஆனார். 23 வெற்றிகள் பெற்றார். புதுமுகங்களின் நட்சத்திர அணியிலும் இடம் பெற்றார். ஆனால் அந்த ஜனவரியில் சோவியத் அணியுடன் நடந்த காட்சிப் போட்டியில் மணிக்கட்டில் காயம். அடுத்த மாதம் நட்சத்திரங்களின் ஆட்டத்தில், வெய்ன் கிரெட்ஸ்கி கடைசிப் பகுதியில் மட்டும் நான்கு கோல் அடித்தபோது எதிரே நின்றவர் லிண்ட்பெர்க். பெருமைக்காக அழைக்கப்பட்ட இடத்தில் இப்படி ஒரு சோதனை.

அதற்குப் பின் வந்த 1983-84 பருவத்தைப் பற்றித்தான் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலரும் தாண்டிச் சென்றுவிடும் பருவம் அது. வட்டைக் காணும் கண்ணும் அசையும் காலும் எப்போதும் போலவே இருந்தும், இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய நிச்சயம் கலைந்துவிட்டது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக நான்கு கோலுக்கு மேல் விட்டுக்கொடுத்தார். பாப் ஃபுரோஸ் என்னும் சக கோல் கீப்பர் முன்னிடத்துக்கு வந்தார். லிண்ட்பெர்க்கைச் சில நாள் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு, மறுபடியும் அந்தக் கீழ்நிலை லீகுக்கே அனுப்பினார்கள். ஊரும் பாஷையும் வேறான தேசத்தில், ‘ஐரோப்பியக் கோல் கீப்பர் அவ்வளவுதான்’ என்று சொல்லக் காத்திருந்தவர்கள் நடுவில், இருபத்து நான்கு வயதில் அந்த இறக்கத்தைத் தாங்குவது சாமானியமன்று.

அப்போது அவருக்குப் பக்கபலமாய் நின்றவர் பரான்ட். கண் பழுதானபின் அணியின் கோல் கீப்பர்களுக்கு ஆசிரியராகிவிட்டிருந்த அவர், சிறுவயதில் தம்மையே பார்த்து ஆடப் பழகியவனைத் தம் பிள்ளையைப் போலவே பாவித்தார். 1984இல் மைக் கீனன் பயிற்சியாளராக வந்தார். ஈவிரக்கம் பாராத கண்டிப்புக்காரர். அணியில் பெரும்பாலோர் இளைஞர்கள். அந்தப் பருவத்தில் லிண்ட்பெர்க் 65 ஆட்டங்களில் நின்று 40 வெற்றிகள் கண்டார். ஃபிளையர்ஸ் 113 புள்ளிகள் பெற்றது. ஆட்டத்துக்கு மூன்று கோல் விட்டவரை மகா காவலர் என்பதா என்று இக்கால வாசகர் கேட்கலாம். இரண்டு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்துக்கு ஏழெட்டு கோல் அடித்துக் குவித்த காலம் அது. காப்புகள் இன்று உள்ளதைவிடச் சிறியவை. வியர்வையும் பனிநீரும் குடித்துத் தோல் காப்புகள் ஆட்டம் முடியுமுன் கனத்துப்போகும். குள்ளமான அந்த மனிதர் கோல் வாயிலை உடம்பால் அடைக்க முடியாது. கால் வேகம் ஒன்றே அவருடைய மூலதனம்.

அவருக்கு வியர்வை மிகுதி. உடலிலிருந்து நீர் வற்றிச் சோர்ந்துபோவதைத் தடுக்க, தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் கோல் வலையின் மேற்புறத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். ஆட்டம் நின்ற இடைவெளியில் முகமூடியை உயர்த்தி ஒரு மிடறு. மறுபடியும் முகமூடி இறங்கிவிடும். அந்த லீகில் அது அப்போது புதுமை. 1985 இறுதிப் போட்டியில் எட்மண்டன் ஆயிலர்ஸின் பயிற்சியாளர் கிளென் சாதர் இதை ஆட்சேபித்துப் புகார் சொன்னார். இன்று எந்தப் பனித்தளத்தில் பார்த்தாலும் வலையின் மேல் ஒரு புட்டி இருக்கிறது. அதை ஆட்சேபிக்கும் எண்ணமே எவருக்கும் தோன்றுவதில்லை.

இறுதிக்கு வருமுன் ஃபிளையர்ஸ் வரிசையாக இரண்டு நியூயார்க் அணிகளையும் கியூபெக்கையும் வென்றது. கியூபெக்குடன் நடந்த கடைசி ஆட்டத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்த வேளையில், மூவராய் நின்ற பிலடெல்பியாவுக்காக டேவ் பூலின் தனியே ஓடி அடித்த கோலை அந்நகரத்தார் இன்னும் மறக்கவில்லை. மறுமுனையில் லிண்ட்பெர்க் ஒன்றையும் உள்ளே விடவில்லை. இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் எட்மண்டனை 4-1 என்று வீழ்த்தினார்கள். பிறகு எட்மண்டனுக்கு ஆடிய கிரெட்ஸ்கியின் கூட்டம் விழித்துக்கொண்டு நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. கடைசி ஆட்டத்தில் காயமுற்ற லிண்ட்பெர்க்குக்குப் பதிலாக ஃபுரோஸ் நின்றார்.

லீகின் சிறந்த கோல் கீப்பருக்கு அந்தப் பருவத்துக்காக வழங்கிய வெசினா விருது லிண்ட்பெர்க்குக்கு வந்தது. மான்ட்ரியாலின் கோலைப் பல்லாண்டு காத்து, 1926இல் க்ஷயரோகத்தால் மாண்டுபோன ஜார்ஜ் வெசினாவின் பெயரால் வழங்கும் அவ்விருதை ஐரோப்பியர் ஒருவர் பெற்றது அதுவே முதல் முறை. பரான்ட் தாமும் அதைப் பெற்றவர். அடுத்த ஐரோப்பியர், செக் தேசத்து டொமினிக் ஹாஷெக், 1994இல்தான் வந்தார். அடுத்த ஸ்வீடன்காரர் ஹென்ரிக் லண்ட்குவிஸ்ட் 2012இல்.

இனிச் சொல்லப்போவதை மறைத்துச் சொல்வது அந்த மனிதருக்கும் மரியாதையன்று, வரலாற்றுக்கும் நியாயமன்று. 1985 நவம்பரில் ஃபிளையர்ஸ் தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றிருந்தது. அடுத்த ஆட்டத்துக்குச் சில நாள் ஓய்வு இருந்தது. 9ஆம் தேதி இரவு ஆட்டம் முடிந்தபின் சக ஆட்டக்காரர்களுடன் கேளிக்கை. மறுநாள் விடியற்காலை, நியூஜெர்சியின் சோமர்டேல் என்னும் ஊரில், லிண்ட்பெர்க் ஓட்டிச் சென்ற போர்ஷே கார் ஒரு பள்ளிக்கூடத்தின் முன்புறச் சுவரில் மோதியது. அவருடைய ரத்தத்தில் இருந்த மதுவின் அளவு சட்டம் அனுமதித்த வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உடன் சென்ற இருவர் படுகாயத்தோடு உயிர் தப்பினார்கள். அவர்கள் பட்ட துன்பமும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே. மூளையின் இயக்கம் நின்றுபோன மகனை, தகப்பனார் ஸ்வீடனிலிருந்து வந்து சேரும்வரை இயந்திரங்களின் துணையோடு மூச்சுவிட வைத்திருந்தார்கள். பிறகு அவருடைய அங்கங்கள் பிறருக்குத் தானமாக வழங்கப்பட்டன. வயது இருபத்தாறு.

நவம்பர் 14ஆம் தேதி பிலடெல்பியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில், வேறு எவருமல்ல, அதே எட்மண்டன் அணிதான் ஆட வந்திருந்தது. ஆட்டத்துக்கு முன் நடந்த அஞ்சலியில் பரான்ட் எழுந்து பேசினார். தம் ஆட்டத்தை இழந்த வருஷத்தில் அவருக்குக் கிடைத்த சிஷ்யன்; ஆறு வருஷங்களில் அவனையும் இழந்து அவர் அந்தப் பனியின்மேல் நின்றார். அன்றிரவு டாரன் ஜென்சன் என்ற அனுபவமில்லாத இளைஞர் கோலில் நிற்க, ஃபிளையர்ஸ் 5-3 என்று வென்றது. அந்தப் பருவத்து நட்சத்திர ஆட்டத்துக்கு ரசிகர்கள் வாக்களித்தபோது, மறைந்துவிட்ட லிண்ட்பெர்க்கின் பெயரையே தேர்ந்தெடுத்தார்கள். அவர் அணிந்த 31ஆம் எண்ணுக்கு ஓய்வளித்ததாக அணி முறைப்படி அறிவிக்கவில்லை. ஆனாலும் அதன்பின் பிலடெல்பியாவில் எவரும் அந்த எண்ணை அணிந்ததில்லை. அவருடைய உடல் ஸ்டாக்ஹோமின் தென்புறத்தில், பைன் மரங்களுக்கு நடுவே அமைந்த ஸ்கோக்ஸ்கிர்கோகோர்டன் என்னும் வனமயானத்தில் இருக்கிறது.

அவர் பெயரால் ஃபிளையர்ஸ் 1994 முதல் ஒரு விருது வழங்கி வருகிறது. அதிகம் வென்றவருக்கோ, அதிகம் தடுத்தவருக்கோ அல்ல. முந்தைய பருவத்தைவிட மிகுதியாகத் தேறியவருக்கு. ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர் அடுத்த பருவத்திலேயே வெசினா விருதுக்கு ஏறி வந்ததை நினைத்தால், இதைவிடப் பொருத்தமாக அவரை நினைவுகூர முடியாது என்று தோன்றுகிறது. விருதுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பவர்கள், அதே அறையில் உடன் உட்கார்ந்து காலணி கட்டும் சக ஆட்டக்காரர்கள்.