சனிக்கிழமை இலக்கம்

ஓடி முடித்தவர் கையில் கொடுக்கிற இலக்க மட்டை பிறந்த இடம் ஒரு ஹாட்வெயார் கடை. திருகாணிக்கும் சுரைக்கும் இடையில் போடுகிற சாதாரண வாஷராகத்தான் அது தொடங்கியது. லண்டனின் தென்மேற்கில், டெடிங்டனுக்குப் பக்கத்தில், மான்கள் திரிகிற புஷி பூங்காவில் 2004 ஒக்டோபர் 2, சனிக்கிழமை காலை 13 பேர் 5 கிலோமீற்றர் ஓடினார்கள். 5 பேர் நின்று வேலை பார்த்தார்கள். கூட்டியவர் பால் சின்டன் ஹியூவிட். இன்று சிம்பாப்வே எனப்படும் நாட்டில் பிறந்து தென்னாபிரிக்காவில் வளர்ந்தவர், மரதன் ஓட்டக்காரர். அந்த வருடம் காயப்பட்டு ஓட முடியாமலும், கையில் வேலை இல்லாமலும் இருந்தார். தான் ஓடாவிட்டாலும் கூட்டாளிகளைக் கிழமைக்கு ஒருமுறை பார்க்கலாம், ஓடி முடிய இருந்து கோப்பி குடிக்கலாம் என்பதுதான் அவருடைய திட்டம்.

ஓடி முடித்தவர் கையில் இலக்கம் குத்திய ஒரு வாஷரைக் கொடுத்தார்கள். முதலாவது ஆளுக்கு 1, அடுத்தவருக்கு 2. அவர் அதைக் கொண்டுபோய் எழுதுகிறவரிடம் காட்டிப் பெயரைச் சொல்லுவார். வாஷர் திரும்பப் பெட்டிக்குள் போகும், அடுத்த சனி வேறொரு கைக்கு வரும். கட்டணம் எதுவும் கிடையாது.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் பார்த்தவுடன் பிடிபடாது. முடிவுக் கோட்டில் மணிக்கூடு வைத்திருப்பவருக்கு ஓடி வருபவர் யாரென்று தெரியவேண்டிய தேவை இல்லை. ஓர் ஆள் கடந்தால் ஒரு தரம் அமுக்கவேண்டும், அவ்வளவுதான். அவரிடம் நேரங்களின் பட்டியல் இருக்கும், மேசையில் பெயர்களின் பட்டியல் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது அந்த இலக்கம் மட்டுமே. ஆயிரக்கணக்கான ரூபா பெறுமதியான இலத்திரனியல் சிப் எதுவும் இல்லாமல், யாருடைய முகமும் தெரியாமல், ஒரு கூட்டத்தின் நேரத்தைச் சரியாக எடுத்துவிடலாம்.

கூட்டம் சிறிதாக இருக்கும்வரை. 2007 ஜனவரியில் விம்பிள்டனில் இரண்டாவது இடம் தொடங்கியது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. பார்க்ரன் என்ற பெயர் பின்னாளில் வந்தது. நூறு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று ஆளாளுக்குப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னால் மேசையில் இருப்பவர் என்ன பாடுபடுவார்? அந்த இடத்தில்தான் வாஷர் உருமாறியது. இரும்பு போய் பிளாஸ்டிக் மட்டை வந்தது. அதிலே இலக்கத்தோடு ஒரு பார்கோட். ஓடுகிறவரிடமும் சொந்தமாக ஒரு பார்கோட், ஒரேயொரு தரம் பதிந்து வைத்தால் ஆயுளுக்கும் அதுதான். இரண்டையும் அடுத்தடுத்து ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது.

தீர்வு வந்த அதே இடத்தில் தொல்லையும் வந்தது. ஓடி முடித்தவர்கள் ஒழுங்காக வருவதற்குக் கோட்டுக்கு அப்பால் கயிறு கட்டி ஓர் ஒழுங்கை விடுவார்கள். அதற்குள் ஒருவர் கயிற்றுக்குக் கீழால் குனிந்து வெளியே போய்விட்டால், அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேருடைய நேரமும் ஓரிடம் தள்ளிப்போகும். பிள்ளையைக் கூட்டிவரத் திரும்பிப் போய் மறுபடி கோட்டைக் கடக்கிற தகப்பனால் ஓர் இலக்கம் கூடும். மணிக்கூட்டுக்காரர் பதற்றத்தில் இரண்டு தரம் அமுக்கினாலும் கதை அதுதான். வீட்டுக்குப் போனபின் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் காற்சட்டைப் பைக்குள் மட்டை கிடப்பது சிலருக்குத் தெரியவரும். அடுத்த கிழமை அந்த இலக்கம் பெட்டியில் இருக்காது. விடுபட்ட இலக்கங்களை எழுதிவைத்து, தயவுசெய்து திருப்பித் தாருங்கள் என்று கெஞ்சுவது உலகம் முழுக்க இந்த ஓட்டங்களை நடத்துபவர்களின் வாடிக்கை. இதற்கெல்லாம் சம்பளம் வாங்காத யாரோ ஒருவர் சனிக்கிழமை மத்தியானம் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, 147ஆம் இடத்தில் என்ன பிழைத்தது என்று தேடவேண்டும். பார்கோட் கொண்டு வராதவருக்கு நேரம் இல்லை என்ற கண்டிப்பான விதி பலருக்குக் கோபமூட்டியது. அந்த மத்தியானத்தை ஒருமுறை அனுபவித்தவர் கோபிக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

அடுத்த அடி பணத்திலிருந்து வந்தது. பிரிஸ்டலுக்கு அருகே லிற்றில் ஸ்டோக் பூங்காவில் கிழமைதோறும் முந்நூறு பேரளவில் ஓடினார்கள். பூங்காவைப் பராமரிக்கும் ஸ்டோக் கிஃபர்ட் ஊர்ச்சபை, பாதை தேய்கிறது, வாகனத் தரிப்பிடம் நிறைகிறது, செலவில் ஒரு பங்கை நீங்களும் தாருங்கள் என்றது. 2016 ஏப்ரலில் வாக்கெடுத்து அப்படியே தீர்மானித்தது. காசு வாங்கினால் அது பார்க்ரன் அல்ல என்று அமைப்பு சொல்லிவிட்டது. அந்தப் பூங்காவில் ஓட்டம் நின்றது. பத்திரிகைகள் சபையைக் கஞ்சத்தனமென்று பிய்த்து எறிந்தன. எனக்கு அவ்வளவு தெளிவாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பூங்கா ஓடுபவருக்கு மட்டும் சொந்தமில்லை. ஒரு சின்னச் சபையின் வரவுசெலவில் புல்லும் சரளைக்கல்லும் கழிப்பறைத் தண்ணீரும் பெரிய வரிகள்தான். ஆனால் தலைக்கு ஒரு பவுண் என்று தொடங்கியிருந்தால் காசு வாங்க ஓர் ஆள், கணக்கு எழுத ஓர் ஆள், காசு கொடுத்தவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல இன்னோர் ஆள் என்று அந்த மட்டைப் பெட்டி கந்தோராக மாறியிருக்கும். இலவசம் என்பது அங்கே தாராள மனசு மட்டுமல்ல, வேலையைக் குறைக்கிற வழியும்தான்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று எல்லாவற்றையும் நிறுத்தியது. கைக்குக் கை மாறும் ஒரு மட்டை அந்த நாட்களில் எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தில் 2021 ஜூலை 24இல்தான் மறுபடி ஓடினார்கள். திரும்பி வந்தபோது பார்கோட்டைக் கைத்தொலைபேசித் திரையில் காட்டலாம் என்று விதி தளர்ந்திருந்தது. மட்டை மட்டும் தப்பிக்கொண்டது. 2024 பெப்ரவரியில் வேகச் சாதனைப் பட்டியல்களை அமைப்பு நீக்கியபோது வேகக்காரர்கள் கொதித்தார்கள். மெதுவாக வருகிறவர்களை அந்தப் பட்டியல்கள் பயமுறுத்துகின்றன என்பது அமைப்பின் வாதம். சராசரி நேரம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு போவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஓட்ட அமைப்பு வேறெங்கும் இருக்குமோ தெரியாது. கடைசியாக வருபவருக்குப் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். அதனால் கடைசி இலக்கம் எப்போதும் தொண்டருக்கே.

இப்போது இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இந்த மட்டை கைமாறுகிறது. தமிழர் வாழும் ஊர்களையும் அது தொட்டுவிட்டது. 2014இல் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, 2018இல் கோலாலம்பூர் தாமான் பூடு உலு. சிட்னியில் பரமட்டா, லண்டனில் ஹாரோ. எங்கள் வன்னியிலிருந்து போன பிள்ளைகள் அங்கெல்லாம் இருக்கிறார்கள். இலங்கைக்கு இன்னும் வரவில்லை.

வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பார்கோட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2022 ஆடியில் எரிபொருள் பங்கீட்டு அட்டை வந்தபோது கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் வவுனியாவிலும் எல்லோரிடமும் கியூஆர் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5. சிலர் அதை அச்சடித்து லாமினேற் செய்து, பெற்றோல் தாங்கியின் உறைக்குள் செருகி வைத்திருந்தார்கள். 2023 செப்டெம்பரில் அந்த முறை நின்றது. கிழமைக்கொரு தரம், சொந்தக் குறியீட்டோடு போய், ஒழுங்காக நின்று, ஸ்கேன் செய்துவிட்டு வருவது எங்களுக்குப் பழகிப்போன காரியம்.

சிக்கல் வேறு இடத்தில். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் இலவசமாக எது வந்தாலும் அதோடு ஒரு பதாகை வந்தது, ஒரு படப்பிடிப்பாளர் வந்தார், கையெழுத்துப் போட ஒரு தாள் வந்தது. ஊர் திரும்புமுன் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் பெயர், வயது, ஊர், குடும்பத்தில் எத்தனை பேர் என்று திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்த சனம் இது. அந்தப் பட்டியல்கள் எங்கே போயின என்று பிறகு யாரும் சொல்லவில்லை. ஆகவே ஓட வருகிறவரிடம் பெயர், பிறந்த திகதி, அவசரத்துக்குத் தொலைபேசி இலக்கம் என்று கேட்டால், புஷி பூங்காவில் ஒருவர் யோசிக்காமல் கொடுப்பதை இங்கே ஒரு தாய் இரண்டு தரம் யோசிப்பாள். ஒரே நேரத்தில் நாற்பது பேர் ஓர் இடத்தில் கூடினால், யார் ஒழுங்குசெய்தது, காசு எங்கேயிருந்து வந்தது என்று விசாரிக்க ஆள் வருவதும் நாங்கள் அறியாததல்ல. காசே இல்லை என்ற பதில் நம்பப்படாது. இலவச ஓட்டத்துக்கு இங்கிலாந்தில் வந்த சோதனை பூங்காச் செலவு. இங்கே முதல் சோதனை அந்தப் பதில்தான்.

ஓட்டம் எங்களுக்குப் புதிதல்ல. சித்திரைப் புத்தாண்டுக்கும் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவுக்கும் மரதன் வைப்பார்கள். ஒலிபெருக்கி கட்டி, சந்திக்குச் சந்தி பெடியள் தண்ணியோடு நின்று, முதல் மூன்று பேருக்குக் கிண்ணம் கொடுப்பார்கள். நான்காவது ஆள் யாரென்று அவனுடைய வீட்டுக்கு மட்டும் தெரியும். 2011இல் தேவேந்திர முனையிலிருந்து பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றர் நடந்த ‘ட்ரெயில்’ குழு இந்த ஏ9 வழியால்தான் போனது. தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காகக் காசு சேர்த்த நடை அது. சனம் வீதிக்கு வந்து பார்த்தது, கூட நடந்தது. ஒருநாள் பெரிதாக ஒன்றைச் செய்ய வன்னிக்குத் தெரியும். அடுத்த கிழமையும் அதற்கடுத்த கிழமையும் அதையே சிறிதாகச் செய்வதுதான் கடினம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் குளக்கட்டுப் பாதை உழுத வயல்போலாகும். பங்குனி, சித்திரையில் காலை ஏழரைக்கே வெயில் சுடும், ஐந்தரைக்குத் தொடங்கவேண்டும். அந்த இருட்டில் கட்டாக்காலி மாடு வீதி நடுவில் படுத்திருக்கும். ஓடுகிறவனைக் கண்டால் நாய் விடாது. வவுனியா வடக்கிலும் ஒட்டுசுட்டான் பக்கத்திலும் யானை வருகிற கிராமங்களில் விடியமுன் வெளியே போவதே யோசனைக்குரியது. புல்லுக்குள் குறுக்கே இறங்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த மண் இது. கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று பலகை வைத்த இடத்திலும் காலுக்குப் பழைய பயம் இருக்கிறது. ஆதலால் பூங்காவுக்குள் சுற்றி ஓடுகிற பாதை இங்கே பெரும்பாலும் காப்பெற் போட்ட வீதியாகத்தான் இருக்கும். அப்படியானால் டிப்பர் லொறிப் பயம்.

பெண்கள் வருவார்களா என்பது அடுத்த கேள்வி. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல் 72 வயதில் பிலிப்பைன்சுக்குப் போய், மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கம் வாங்கி வந்தார். 800 மீற்றரில் வெண்கலம். அவர் தங்கம் வாங்கிய அந்த 5000 மீற்றரும் பார்க்ரனின் தூரமும் ஒன்றே. திரும்பி வந்தபோது மாலை போட்டோம், படம் எடுத்தோம். அவரைப் பார்த்து அடுத்த நாள் காலை நடக்கப் புறப்பட்ட ஐம்பது வயதுக்காரி ஒருத்திக்கு, எங்கே, யாரோடு, என்ன உடுப்போடு நடப்பது என்று சொல்ல எங்களிடம் ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. காலையில் இரணைமடுக் குளக்கட்டில் நடக்கிற ஆண்களைக் காணலாம், சீனி வருத்தத்துக்கு வைத்தியர் நடக்கச் சொன்னவர்கள். அவர்களுடைய மனைவிமாருக்கும் அதே வருத்தம், அதே வைத்தியர். ஆனால் ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்கிறார்கள். நிறையப் பேர் ஒன்றாக நடக்கிற ஓர் இடம், ஒரு நேரம் என்று இருந்தால் பார்வைகள் கொஞ்சம் மழுங்கும். இலக்கம், நேரம், பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

என்னைக் கேட்டால், இங்கே தொடங்குகிறவர்கள் பெயர்ப் பதிவை விட்டுவிடலாம். வாஷர் காலத்தில் இருந்த ஏற்பாடு போதும். ஒரு மணிக்கூடு, ஒரு பெட்டி மட்டை. விரும்பினவர் தன் இலக்கத்துக்குப் பக்கத்தில் தன் பெயரைத் தானே ஒரு கொப்பியில் எழுதட்டும், விரும்பாதவர் மட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகட்டும். கொப்பி கழகத்தில் கிடக்கட்டும். எழுபது பேர் தாண்டும்போது இது உடையும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். கரைச்சிப் பிரதேச சபையிடமோ வவுனியாவில் உள்ள சபையிடமோ காசு கேட்கத் தேவையில்லை. காலை ஐந்தரையிலிருந்து ஏழுவரை ஒரு பக்க வீதியில் டிப்பரை மறித்துத் தந்தால் போதும்.

பிள்ளைகளைக் கொண்டுவருவதுதான் மிச்சம். பார்க்ரனில் நான்கு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் 2 கிலோமீற்றர் தனியாக வைக்கிறார்கள். இங்கே ஞாயிறு காலை அறநெறிக்குப் போய்விடும், சனி காலை ஆறரைக்கே ரியூசன் தொடங்கிவிடும். புலமைப்பரிசில் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களில் இரண்டு பேர் சனிக்கிழமை வகுப்பை ஏழரைக்குத் தள்ளிவைக்கச் சம்மதித்தால், அந்த ஊரில் முதல் நாளே முப்பது பிள்ளைகள் வருவார்கள். சபைத் தலைவரைப் பார்க்கப் போகுமுன் அந்த இரண்டு ஆசிரியர்களைப் போய்ப் பார்ப்பது நல்லது.