கேரித் தீவிலிருந்து ஒரு முரசு

ஆப்பிள் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தமிழ் எம்என், மலையாளம் எம்என், சிங்களம் எம்என் என்று சில பெயர்களின் வாலில் இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். முத்து நெடுமாறன் என்ற மலேசியத் தமிழரின் பெயரெழுத்துகள் அவை. அவர் தொடங்கிய சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு முரசு என்று பெயர்.

சிலாங்கூர் மாநிலத்தின் கடலோரத்தில், கிள்ளானுக்குத் தெற்கே இருக்கிறது கேரித் தீவு. செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே தமிழ்ப்பள்ளியில் படித்தார்கள். அந்த மண்ணில் வளர்ந்தவர் முத்து. தந்தை முரசு நெடுமாறன் ஆசிரியர், கவிஞர். மலேசியத் தமிழர் நூறாண்டுகளாக எழுதிய கவிதைகளைத் தேடித் திரட்டி 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்ற பெருநூலாக 1997இல் கொண்டுவந்தவர். தமிழ் ஆட்சிமொழியாக இல்லாத நாட்டில், தமிழுக்கு வேண்டியதைத் தமிழர்தான் செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அந்த வீட்டில் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமாக இருந்திருக்காது. மகனின் மென்பொருளுக்கும் முரசு என்ற பெயரே அமைந்தது.

முரசின் வேலை 1985இல் தொடங்கியது. அன்றைய கணினிக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ஓர் எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் 247 எழுத்துள்ள மொழியைக் குடியமர்த்த வேண்டும். கொம்பு, கால், சுழி என்று துண்டு துண்டாக வைத்துக்கொண்டு வேண்டும்போது பொருத்தினால்தான் முடியும். 'கொ' என்று எழுத ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் போக வேண்டும். தட்டச்சுப் பழகியவர்கள் கொம்பை முதலில் அடித்துப் பழகியிருந்தார்கள். பழகாதவர்கள் என்ன செய்வது?

இதற்கு முத்துவின் மென்பொருளான முரசு அஞ்சல் சொன்ன விடையைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஒலியை எழுது, வடிவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது அது. ஆங்கில விசைகளில் 'கே', 'ஓ' இரண்டையும் தட்டினால் திரையில் 'கொ' வந்துவிடும். கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. தமிழ்நாட்டில் அரசு அலுவலகத்தையும் அச்சகத்தையும் மனத்தில் வைத்துத் தமிழ் மென்பொருள் செய்தவர்களில் பலர் தட்டச்சுப் பொறியின் விசை அடுக்கை விட மனமில்லாமல் இருந்தார்கள். மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கோ மலாயையும் ஆங்கிலத்தையும் எழுதி உரோமன் எழுத்து கைக்கு வந்திருக்கும். தமிழ்த் தட்டச்சு கற்க வாய்ப்பு குறைவு. அந்தப் பிள்ளையின் விரலுக்கு ஏற்ற வழி அந்த மண்ணைச் சேர்ந்தவருக்குத் தோன்றியது இயல்பு என்றே நினைக்கிறேன்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்த முத்து, தமிழ் வேலையையும் விடவில்லை. 1990களின் நடுவில் இணையத்தில் தமிழர் ஒருவருக்கொருவர் தமிழிலேயே மடல் எழுதத் தொடங்கியபோது பலருடைய கணினியில் இருந்தது முரசு அஞ்சல்தான். ஆனால் அப்போது எழுத்துருவுக்கு எழுத்துரு எண் அடுக்கு வேறு. அனுப்பியவரிடம் இருந்த எழுத்துரு பெறுபவரிடம் இல்லையென்றால் மடலில் பொருளற்ற குறிகள்தான் தெரியும். எல்லாருக்கும் பொதுவான குறியீடு வேண்டும் என்று உலகெங்கும் இருந்த தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் உழைத்தார்கள். அந்த உழைப்பில் முத்துவுக்கும் பங்கு உண்டு. தமிழ்க் கணிமைக்காக 2000இல் உருவான உத்தமம் அமைப்பின் தலைவராகவும் பின்னர் இருந்தார்.

பிறகு கைப்பேசி வந்தது. 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் முத்துவின் 'செல்லினம்' செயலி வெளியானது. அன்றைய கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆகவே எழுத்தையும் செயலியே தன்னோடு சுமந்து வந்தது. குறுஞ்செய்தியில் இன்னொரு நெருக்கடி. ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை அனுப்பலாம். யூனிகோடு என்றால் 70தான். தமிழில் 'கொ' ஒன்றுக்கே இரண்டு இடம் போய்விடும். இப்படிப்பட்ட இடுக்கில் நுழைந்து நாலு வரித் தமிழை ஒரு சின்னத் திரையிலிருந்து இன்னொரு திரைக்குக் கொண்டுபோனது எவ்வளவு பெரிய காரியம் என்பது, இன்று நினைத்த மாத்திரத்தில் தமிழில் தட்டி அனுப்பும் நமக்கு எளிதில் உறைப்பதில்லை.

பெரிய நிறுவனங்கள் அவரைத் தேடி வந்தன. மேக் கணினியில் அவருடைய 'இணைமதி' எழுத்துரு இடம்பெற்றது. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை இருந்தது. அதில் தமிழ்99, அஞ்சல் என இரண்டு தேர்வுகள். தமிழ்நாட்டரசு தரப்படுத்திய விசைமுறைக்குப் பக்கத்தில், சமமாக, முரசின் விசைமுறை.

இத்தனைக்கும் முரசு சின்ன நிறுவனமாகவே இருந்தது. அந்த எம்என் எழுத்துருக்களோ தமிழைத் தாண்டியும் போய்விட்டன. கன்னடம், தெலுங்கு, ஒடியா, வங்காளம், குர்முகி ஆகியவற்றோடு கெமர், லாவோ, பர்மிய எழுத்துகளுக்கும் எம்என் உண்டு. இன்று மேக் கணினியைத் திறந்து தாய்மொழியில் எழுதும் புனோம்பென்காரர் ஒருவர் பார்ப்பது, கேரித் தீவில் வளர்ந்த ஒரு தமிழர் வரைந்த எழுத்தாக இருக்கலாம்.